கூலிக் கணக்கில் பதிந்த கோடை

பிரான்சின் பர்கண்டி வட்டாரத்தில் போன் என்றொரு சிறு நகர் உண்டு. அங்குள்ள நோத்ர்தாம் தேவாலயத்தின் பழைய கணக்கேடுகளில், திராட்சை பறித்தோருக்குக் கூலி கொடுத்த நாட்கள் குறிக்கப்பட்டுள்ளன. எழுதிய கணக்கருக்குத் தட்பவெப்பம் ஒரு பொருட்டாக இருந்திருக்காது. காசுக்குக் கணக்கு நின்றால் போதும். அக்குறிப்புகளோடு நகரமன்றப் பதிவுகளையும் பிற்காலச் செய்தித்தாள்களையும் இணைத்து, 1354 முதல் 2018 வரையிலான அறுவடைத் தேதிகளைத் தொமா லாபே, கிறிஸ்டியன் பிஸ்டர் முதலான ஆய்வாளர்கள் 2019இல் நிரல்படுத்தி வெளியிட்டனர். இளவேனிலும் கோடையும் வெம்மையாயின் பழம் விரைந்து கனியும், அறுவடையும் முந்தும். 1987 வரை சராசரியாகச் செப்டம்பர் 28இல் தொடங்கிய அறுவடை, 1988க்குப் பின் சராசரியாகப் பதின்மூன்று நாட்கள் முந்தியிருக்கிறது.

ஆனால் தேதி வெப்பமானி அன்று. அறுவடை நாளை அறிவித்தவர்கள் மனிதர்கள். நன்கு கனிந்த பழத்தின் மதுவைச் சந்தை விரும்பியபோது அறுவடை தள்ளிப்போனதை லெ ருவா லாதுரீ 1967இலேயே எச்சரிக்கையாகச் சுட்டியிருந்தார். இன்று வரைபடத்தை மட்டும் பகிர்வோர் இதை எளிதில் மறந்துவிடுகின்றனர்.

செம்மதுவின் சுவையில் வெப்பத்தின் கதை வேறொரு வகையில் பதிகிறது. வெயில் கூடினால் பினோ நுவார் பழத்தில் சர்க்கரை ஏறும். மாலிக் அமிலம் குறையும். குளிர்ந்த பர்கண்டியின் நெடுநாள் அச்சம் சர்க்கரை போதாமையே. நொதிக்கும் சாற்றில் சர்க்கரை சேர்க்கும் முறை, 1801இல் அதைப் பரிந்துரைத்து எழுதிய ஷாப்தாலின் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. ஆகவே வெப்பமான ஆண்டு அரிய பேறாகக் கருதப்பட்டது. 1947இன் கடுங்கோடை தந்த செம்மதுக்கள் நெடுங்காலம் போற்றப்பட்டன.

2003இல் அப்பேறு எல்லை மீறியது. ஆகஸ்டிலேயே பறிப்புத் தொடங்கிற்று. பழங்கள் கொடியிலேயே வெயிலில் வதங்கின. தோல் தடித்துச் சாறு சுருங்கியது. துவர்ப்பு மிகுந்து புளிப்புக் குன்றியது. சர்க்கரை சேர்த்துப் பழகிய நிலத்தில் அமிலம் சேர்க்க வேண்டியதாயிற்று. ஐரோப்பிய ஒன்றியமே அதற்குத் தனி விலக்கு அளித்தது. அவ்வாண்டு மதுவைக் கெட்டதென்று தள்ளுவது மிகையே. அதில் செறிவு உண்டு. ஆனால் பர்கண்டிச் செம்மதுவுக்கு அடையாளமான மெல்லிய புளிப்பு பலவற்றில் இல்லை.

போன் நிரலில் மிக முந்திய அறுவடைகள் 33. அவற்றுள் 1720 முதல் 2002 வரை நிகழ்ந்தவை ஐந்தே. 2003 முதல் 2018 வரையிலான பதினாறே ஆண்டுகளில் எட்டு.