பிற ஊர்களாக நடிக்கும் கோவிங்டன்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவிலிருந்து கிழக்கே சுமார் 55 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது கோவிங்டன். நியூட்டன் கவுண்டியின் தலைநகரான இங்கே 2020 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 14,000 பேர் வசிக்கிறார்கள். 1822இல் நிறுவப்பட்ட இந்த ஊருக்கு, 1812 போரில் உயிரிழந்த தளபதி லெனர்ட் கோவிங்டனின் பெயர் சூட்டப்பட்டது. பருத்தியும் இரயில் பாதையும் ஊரை வளர்த்தன. திரையில் இந்த ஊரைப் பார்த்தவர்கள் கோடிக்கணக்கானவர்கள். ஆனால் கோவிங்டன் என்ற பெயரில் பார்த்தவர்கள் மிகச் சிலரே.

படமெடுப்பவர்களை ஈர்த்தது ஊரின் நடுவில் இருக்கும் சதுக்கம். நடுவே புல்வெளியும் மரங்களும், சுற்றிலும் செங்கல் முகப்பு கொண்ட பழைய கடைகளும் உண்டு. ஒரு பக்கத்தில் 1884இல் எழுந்த நீதிமன்றம் நிற்கிறது. முந்தைய கட்டடம் தீக்கிரையான பிறகு கட்டப்பட்டது இது. நான்கு பக்கமும் மணிகாட்டும் கோபுரம் கொண்ட இந்தச் செங்கல் கட்டடம், எந்தக் கோணத்தில் கேமராவை வைத்தாலும் 'தெற்கத்திச் சிற்றூர்' என்று சொல்லிவிடும். உள்நாட்டுப் போரின்போது, 1864 நவம்பரில், வடதரப்புத் தளபதி ஷெர்மனின் படை இவ்வழியே கடலை நோக்கிச் சென்றது. சூறையாடல் நடந்தாலும் வீடுகளில் பெரும்பாலானவை தீக்குத் தப்பின. அன்று தப்பிய தூண் வைத்த மாளிகைகள் பின்னாளில் வாடகைக்குக் கிடைக்கும் படப்பிடிப்புத் தளங்களாயின.

சினிமாவைத் தேடி முதலில் போனது மாநில அரசு. ஜார்ஜியாவின் வடகோடி ஆற்றில் எடுக்கப்பட்ட 'டெலிவரன்ஸ்' 1972இல் வெற்றி பெற்றது. மறு ஆண்டே, அப்போது ஆளுநராயிருந்த ஜிம்மி கார்ட்டர், படக்குழுக்களை அழைத்துவரத் தனி அலுவலகம் ஒன்றைத் தொடங்கினார்.

1978 இறுதியில் 'தி டியூக்ஸ் ஆஃப் ஹசார்ட்' தொலைக்காட்சித் தொடரின் முதல் ஐந்து பகுதிகள் கோவிங்டனிலும் சுற்றுப்புறத்திலும் படமாயின. நவம்பர் 11 அன்று, பக்கத்து ஊரான ஆக்ஸ்ஃபோர்டின் கல்லூரி வளாகத்தில், 1969ஆம் ஆண்டு மாடல் டாட்ஜ் சார்ஜர் கார் ஒன்று சாய்தளத்தில் ஏறி, ஒரு போலீஸ் காரைத் தாண்டிப் பறந்தது. ஏறத்தாழ 82 அடி பாய்ந்த அந்தக் கார் தரையில் மோதி உருக்குலைந்தது, மறுபடி ஓட்டத் தகுதியற்றதாயிற்று. ஆனால் அந்தச் சில நொடிக் காட்சி, 1985 வரை ஓடிய தொடரின் தொடக்கப் பாடலில் வாராவாரம் வந்துகொண்டிருந்தது. முதல் ஐந்து பகுதிகள் முடிந்ததும் படப்பிடிப்பு கலிஃபோர்னியாவுக்குப் போய்விட்டது. வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோவின் செட் தெரு ஒன்று கதை நடக்கும் ஹசார்ட் ஊரானது. உண்மையான ஊரைவிட ஸ்டுடியோ மலிவாகவும் வசதியாகவும் இருந்த காலம் அது.

அடுத்து வந்த தொடருக்கு ஒரு முன்கதை உண்டு. மிசிசிப்பி மாநிலத்தின் ஸ்பார்ட்டா என்ற கற்பனை ஊரில், கொலை வழக்கை விசாரிக்கும் கறுப்பினத் துப்பறிவாளரின் கதையான 'இன் தி ஹீட் ஆஃப் தி நைட்' திரைப்படம் 1967இல் வெளியானது. நாயகன் சிட்னி போய்ட்டியே தெற்கில் படப்பிடிப்புக்கு வரத் தயங்கினார். ஒரு கறுப்பின நடிகருக்கு அங்கிருந்த ஆபத்து அவருக்குத் தெரியும். எனவே படத்தின் பெரும்பகுதி வடக்கே இல்லினாய் மாநிலத்தில் எடுக்கப்பட்டது. தெற்கைப் பற்றிய கதையைத் தெற்கில் எடுக்க முடியாத நிலை அது. இருபது ஆண்டுகள் கழித்து அதே கதை தொலைக்காட்சித் தொடரானபோது, முதல் பருவம் லூசியானாவில் முடிந்ததும் படக்குழு கோவிங்டனுக்கு வந்து தொடரின் இறுதிவரை இங்கேயே தங்கியது. கேரல் ஓ'கானர் காவல்துறைத் தலைவராகவும் ஹாவர்ட் ராலின்ஸ் துப்பறிவாளராகவும் நடித்தனர். உள்ளூர்வாசிகளுக்குத் துணை நடிகர் வேலை ஏறக்குறைய வழக்கமான வருமானமாயிற்று. ஊரின் திரை வாழ்வில் இதுவே முதல் நீண்ட காலம்.

'ரிமெம்பர் தி டைட்டன்ஸ்' படத்தின் சில காட்சிகளில் கோவிங்டன் வர்ஜீனியாவானது. 'செல்மா' படத்தில் அலபாமாவானது. வாக்குரிமை கேட்டுக் கறுப்பின மக்கள் நிற்கும் காட்சிகளுக்கு 1884ஆம் ஆண்டு நீதிமன்றத்தின் வெளிப்புறம் பயன்பட்டது. அத்தகைய கட்டடங்களின் வாசலில் அவர்கள் உண்மையிலேயே திருப்பி அனுப்பப்பட்ட காலம் ஒன்று இருந்தது என்பதால், இந்தத் தேர்வை வெறும் அலங்காரம் என்று சொல்ல முடியாது.

2008இல் ஜார்ஜியா சட்டம் மாறியது. மாநிலத்தில் 5 லட்சம் டாலருக்கு மேல் செலவு செய்யும் தயாரிப்புக்கு, அந்தச் செலவில் 20 சதவீதம் வரிச்சலுகை. மாநிலத்தின் பீச் பழச் சின்னத்தைப் படத்தில் காட்டினால் மேலும் 10 சதவீதம். மாளிகைகளும் மணிக்கூண்டும் செய்யாததை இந்த 30 சதவீதம் செய்தது. முன்னோட்டப் பகுதியைக் கனடாவின் வான்கூவரில் எடுத்த 'தி வாம்பயர் டைரீஸ்' தொடர், 2009இல் ஜார்ஜியாவுக்கு வந்தது. வர்ஜீனியாவின் மிஸ்டிக் ஃபால்ஸ் என்ற கற்பனை ஊராகக் கோவிங்டன் எட்டுப் பருவங்கள், 2017 வரை நடித்தது.

இதன் விளைவு முன்பு காணாதது. உலகின் பல மூலைகளிலிருந்து இளம் ரசிகர்கள் சதுக்கத்தைத் தேடி வந்தார்கள். சுற்றுலா வழிகாட்டிகள் படப்பிடிப்பு நடந்த வீடுகளைக் காட்டிக் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். தொடரில் நாயகர்கள் கூடும் 'மிஸ்டிக் கிரில்' உணவகம் கற்பனையானது. அதே பெயரில் சதுக்கத்தில் உண்மையான உணவகம் திறக்கப்பட்டது. ஊர் தன்னைத் 'தெற்கின் ஹாலிவுட்' என்று விளம்பரப்படுத்திக்கொண்டது. அட்லாண்டாவைச் சுற்றிப் பெரிய ஸ்டுடியோக்கள் எழுந்துவிட்ட நிலையில் இந்தப் பட்டம் சற்று மிகைதான்.

படப்பிடிப்பு நாட்களில் தெரு அடைக்கப்படுகிறது. கடைப் பலகைகள் ஓரிரவில் மாறுகின்றன. வாடிக்கையாளர் வரமுடியாத கடைக்காரருக்கு, ஈடு கிடைத்தாலும், எரிச்சல் வருவதுண்டு. மாநில அளவிலும் கேள்விகள் எழுந்தன: வரிச்சலுகையால் வரும் பொருளாதாரப் பயன் மிகைப்படுத்திச் சொல்லப்பட்டது என்று 2020இல் வெளியான மாநிலத் தணிக்கை அறிக்கை குறிப்பிட்டது. சலுகை தொடர்ந்தது. அதே ஆண்டு நெட்ஃபிளிக்ஸில் 'ஸ்வீட் மக்னோலியாஸ்' வெளிவந்தபோது, கோவிங்டன் தென் கரோலினாவின் செரினிட்டி என்ற கற்பனை ஊராகியிருந்தது.