தமிழில் சட்டம் தந்த முன்சீப்

மயிலம் குன்றின் அடிவாரத்தில் 1938இல் தோன்றிய தமிழ்க் கல்லூரி உளது. அதன் மாணவர் ஒருவர் ஒருநாள் என்னிடம் ஒரு சம்மனைக் காட்டினார். நிலவழக்கு ஒன்றில் வந்த அதனைத் தந்தையார் எரவாணத்தில் செருகி வைத்துவிட்டாராம். விசாரணை நாள் கடந்தது. ஒருதலைத் தீர்ப்பும் ஆயிற்று. தக்க காரணம் காட்டி, 30 நாட்களுக்குள் அதனை நீக்கக் கோரலாம் என்பதை யாப்பிலக்கணம் கற்ற அவ்விளைஞர் அறியார்.

எனக்கு மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் நினைவு வந்தது. 1826இல் குளத்தூரில் பிறந்த அவர், தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீப்பாக விளங்கியவர். அந்நாளில் வழக்காடுவோர் தமிழர், தீர்ப்போ ஆங்கிலத்தில்! 1805 முதல் 1861 வரை சதர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து, 1862இல் 'சித்தாந்த சங்கிரகம்' என வெளியிட்டார். சென்னை உயர்நீதிமன்றம் தோன்றியதும் அவ்வாண்டே. 1879இல் வந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' கொண்டே நம் பாடநூல்கள் அவரைப் போற்றுகின்றன. எனக்கோ முன்னைய நூலே பெரிது. நீதிபதியே தம் மேசையிலிருந்த சட்டத்தை எளியோர் திண்ணைக்குக் கொணர்ந்தாரன்றோ!

சட்ட அறிவு பரப்புதலை அரசின் கடமையாக்கியது 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம். பெண்களும், சிறாரும், பட்டியல் சாதியினரும், பழங்குடியினரும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞரைப் பெறலாம் என்கிறது அது. மாணவர் பலர் இதனையும் கேள்வியுற்றிலர்.

அவ்விளைஞர் என்னிடம் வந்தது தீர்ப்பின் 26ஆம் நாள். மறுநாட் காலை தந்தையும் மகனும் திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினர்.