வாயைக் கட்டினால் போதுமா?

கலியாண வீட்டுக்குப் போனால், 'என்ன, நல்லா உடம்பு வைச்சிட்டீர்?' என்று யாராவது ஒருவர் கேட்பார். கையோடு அறிவுரையும் வரும்: 'வாயைக் கட்டினால் எல்லாம் சரி.' பருமன் என்பது மனக்கட்டுப்பாடு இல்லாதவரின் குற்றம் என்றுதான் நாங்களும் கனகாலம் நினைத்திருந்தோம். விஞ்ஞானத்தில் அந்த நினைப்பை அசைத்தவை சில எலிகள்.

1949இல் அமெரிக்காவின் ஜக்சன் ஆய்வுகூடத்தில் அளவுக்கு மீறிக் கொழுத்த எலிகள் சில தென்பட்டன. காரணம் ஒரேயொரு மரபணுவின் பழுது. ஆனால் அந்த மரபணு என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. பிறகு அங்கேயே, பருமனோடு நீரிழிவும் உள்ள இன்னொரு எலி வகை கிடைத்தது. டக்ளஸ் கோல்மன் என்ற ஆய்வாளர் இரண்டிரண்டு எலிகளின் உடல்களை ஒன்றாகத் தைத்து, இரத்தம் கலக்க விட்டார். கொழுத்த எலியைச் சாதாரண எலியோடு இணைத்தால் அது குறைவாகத் தின்று மெலிந்தது. நீரிழிவு எலியோடு இணைத்தால் தீனியையே விட்டுச் செத்துப்போனது.

அப்படியென்றால், 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் ஏதோவொன்று இரத்தத்தில் ஓடுகிறது. கொழுத்த எலிக்கு அதைச் சுரக்க முடியாது. நீரிழிவு எலியிடம் அது நிறைய இருக்கிறது, ஆனால் மூளைக்குக் கேட்காது. கோல்மன் வந்த முடிவு இதுதான்.

1994இல் ஜெப்ரி ஃபிரீட்மனின் குழு அந்த மரபணுவைக் கண்டுபிடித்தது. எங்கட எல்லாக் கலங்களிலும் ஏறக்குறைய ஒரே மரபணுக்கள்தான் இருக்கின்றன. எது எங்கே வேலை செய்கிறது என்பதில்தான் வித்தியாசம். இந்த மரபணு முக்கியமாக வேலை செய்வது கொழுப்புக் கலங்களில். அது உண்டாக்கும் ஓமோனுக்கு லெப்டின் என்று பெயர் வைத்தார்கள். ஒரு கம்பனி உடனே 2 கோடி டொலர் கொடுத்து உரிமத்தை வாங்கியது. ஆனால் பருமனான ஆட்களில் பெரும்பாலானோருக்கு லெப்டின் குறைவாக இல்லை, கூடவே இருந்தது. கொழுப்புக் கத்துகிறது, மூளை கேட்கவில்லை.

1997இல் இங்கிலாந்தில், லெப்டின் அறவே சுரக்காத இரண்டு பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு வெளியானது. அதில் ஒரு பெண்பிள்ளைக்கு 8 வயது, எடை 86 கிலோ. பிறகு லெப்டின் ஊசி போட்டதும் அவளுடைய அடங்காத பசி அடங்கியது. அதுவரை எத்தனை பேர் அந்தப் பிள்ளையைக் குறை சொல்லியிருப்பார்கள்?

இப்படி மரபணு பழுதாவது மிக அரிது. சாதாரணமாக நடப்பது வேறு. 2007இல் எவ்.ரி.ஓ. என்ற மரபணுவுக்குள் பருமனோடு தொடர்புள்ள ஒரு பகுதி தெரியவந்தது. அது தூரத்திலுள்ள வேறு மரபணுக்களுக்கான சுவிட்ச் என்பது பிறகுதான் விளங்கியது. அந்த மரபணுக்கள் கூடுதலாக வேலை செய்தால், கொழுப்புக் கலங்கள் சக்தியை எரிக்காமல் சேமிக்கப் பார்க்கும்.

இதற்காகச் சாப்பாடும் உடற்பயிற்சியும் தேவையில்லை என்று நாங்கள் சொல்லவரவில்லை. ஒரே சோற்றைத் தின்னும் இரண்டு பேருக்குப் பசியும் ஒன்றில்லை, உடம்பு அதைச் சேர்த்துவைக்கும் விதமும் ஒன்றில்லை. அடுத்த கலியாண வீட்டில் அந்த அறிவுரை வாயில் வந்தால், நாங்கள்தான் வாயைக் கட்டவேணும்.