கொட்டாம்பட்டிச் சாலையில் நாயின் இடம்

மதுரையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பெருவழியில், மேலூருக்கு வடக்கே, நத்தத்திலிருந்தும் சிங்கம்புணரியிலிருந்தும் வரும் சாலைகள் வந்து சேரும் ஊர் கொட்டாம்பட்டி. 1875இல் மதுரையை அடைந்த இருப்புப்பாதை திண்டுக்கல் வழியாக மேற்கே சுற்றிச் சென்றது. பின்னர் புதுக்கோட்டை, காரைக்குடி வழியாக அமைந்த பாதையோ கிழக்கே விலகிப் போனது. ஆகவே இவ்வட்டாரத்தில் ஆளும் சரக்கும் கால்நடையும் சாலையை நம்பியே நகர வேண்டியிருந்தது. அச்சாலையில் வண்டிகள் மாறிய ஒவ்வொரு காலத்திலும் மனிதரோடு சென்ற நாய்க்குக் கிடைத்த இடம் எது என்று தேடினால், நாய்க்கென ஒதுக்கிய இடம் எந்த வண்டியிலும் இருந்ததில்லை என்பதும், சரக்கு போக மிஞ்சியதே அதற்கு இடமாயிற்று என்பதும் புலப்படுகின்றன.

மாட்டுவண்டிக் காலத்தில் நாய் வண்டியில் ஏறவே இல்லை. பார வண்டியின் இருசுக்கட்டை, அதாவது இரு சக்கரங்களையும் கோக்கும் அச்சைத் தாங்கும் கட்டை, தரையில் வீழ்த்திய நிழலில் அது நடந்து வந்தது. இரவில் வண்டியை அவிழ்த்துப் போட்ட இடத்தில் மாட்டுக்கும் மூட்டைக்கும் காவலாகப் படுத்துக்கொண்டது. காளையின் நடை நாயின் நடைக்கு ஒத்துப்போனவரை அதன் பாதுகாப்பைப் பற்றித் தனியே எண்ண வேண்டிய தேவை எழவில்லை. ரயில் ஓடிய ஊர்களில் நிலைமை வேறு. அங்கே கார்டு வேனின் ஒரு மூலையில், கம்பிக்கதவு போட்ட சிறு அறை ஒன்று நாய்ப்பெட்டி என்ற பெயரில் அமைந்தது. பார்சல் மூட்டைகளுக்குப் பக்கத்தில், இருட்டிலும் இரைச்சலிலும் அடைபட்டு வரும் நாய்க்கு நிலையங்களில் இறங்கிப்போய்த் தண்ணீர் வைப்பது உடையவரின் பொறுப்பாக இருந்தது.

கிராமச் சாலைக்கு ஜீப் வந்தது சமூக வளர்ச்சித் திட்டத்தோடு. 1945இல் தொடங்கப்பெற்ற மகிந்திரா நிறுவனம், அமெரிக்கப் படைக்காக உருவான வில்லிஸ் ஜீப்பை 1947 முதல் இந்தியாவில் பூட்டி விற்றது. 1952 அக்டோபர் 2ஆம் நாள் அத்திட்டம் தொடங்கிய பின், எஞ்சினின் விசையை நான்கு சக்கரங்களுக்கும் செலுத்தக்கூடிய இவ்வண்டி வளர்ச்சி அலுவலர்களின் வாகனமாயிற்று. 1958ஆம் ஆண்டின் சட்டத்தைத் தொடர்ந்து ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்தபோது ‘யூனியன் ஜீப்’ என்பது நாட்டுப்புறப் பேச்சில் கலந்துவிட்டது. அதன் பின்பகுதி இரும்புத் தரையும், இருபுறமும் நீளவாட்டில் பலகை இருக்கையும், மேலே கித்தான் கூரையும் கொண்ட திறந்த தொட்டி. தனியாரிடம் வந்த ஜீப்புகளில் தோட்டக் காவல் நாயும் வேட்டை நாயும் ஏறியது அந்தத் தொட்டியில்தான். 1972இன் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை ஒடுக்கிய பின்னரும் நாயைத் தொட்டியில் ஏற்றும் வழக்கம் நீடித்தது. கழுத்துப்பட்டையில் சங்கிலி கோத்து இருக்கைக் காலில் கட்டுவதே அன்றைய ஏற்பாடு. வெளியே தாவும் நாய் அதே சங்கிலியில் தூக்குண்டு தொங்கும் ஆபத்து அதில் இருந்ததால், அதைப் பாதுகாப்பு என்று சொல்வது பொருந்தாது.

விலங்கை ஏற்றிச்செல்லும் முறையும் கொடுமையாகலாம் என்று சட்டம் ஏற்றுக்கொண்டதில் மதுரைக்கு ஒரு பங்கு உண்டு. 1904இல் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் தொடர்ச்சியாகவே 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. தேவையற்ற வலியோ துன்பமோ உண்டாகும்படி விலங்கை வண்டியில் கொண்டுசெல்வதும், அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பதும் அதன் 11ஆம் பிரிவின்படி குற்றங்கள். அச்சட்டத்தின் கீழ் 1978இல் வந்த விதிகள் நாய்க்கும் பூனைக்குமெனத் தனி அத்தியாயமே கொண்டவை: பொது வாகனத்தில் கூண்டைக் கூரைமேல் வைக்காமல் உள்ளே வைக்க வேண்டும், வண்டி சீரான வேகத்தில் குலுக்கலின்றிச் செல்ல வேண்டும், கவனிக்க ஓர் ஆள் உடனிருக்க வேண்டும், நெடும்பயணத்தில் கோடைக்காலமானால் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் தர வேண்டும் என்பன அவற்றுள் சில. அரை நூற்றாண்டை நெருங்கும் இவ்விதிகள் இன்றும் படிக்கத் தக்கவை.

பெருவழி நான்கு வழிச் சாலையாக விரிந்து வேகம் கூடியபோது நாயின் பாதுகாப்பு பற்றிய கேள்வியின் கனமும் கூடியது. வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். கட்டப்படாத 25 கிலோ நாய், மோதும் கணத்தில் தன் எடையைப் போலப் பல மடங்கு விசையோடு முன்னிருக்கையைத் தாக்கும். ஜெர்மனியின் போக்குவரத்துச் சட்டம் காரில் வரும் விலங்கை இறுகக் கட்ட வேண்டிய சரக்காகவே கருதுவதற்கும், பிரித்தானிய நெடுஞ்சாலை விதிநூல் நாயை உரிய முறையில் பிணைக்கச் சொல்வதற்கும் காரணம் இதுவே.

ஜீப்பின் வழிவந்த பொலிரோ போன்ற வண்டிகளின் பின்கட்டை நாய்க்கு ஏற்றதாக்குவதற்கு மூன்று ஏற்பாடுகள் வேண்டும். பின்னிருக்கையை ஒட்டி, வண்டியின் சட்டத்தோடு போல்ட்டால் இறுக்கிய கம்பித் தடுப்பு முதலாவது. அடுத்தது, தரையிலுள்ள வளையங்களில் பட்டையால் கட்டி, இருக்கையின் முதுகோடு அணைத்து வைத்த கூண்டு. நாய் எழுந்து நிற்கவும் திரும்பிப் படுக்கவும் அதில் இடம் வேண்டும். கூண்டுக்கு இடமில்லாவிட்டால் மார்பைச் சுற்றிய பட்டையில் பிணைக்கலாமே தவிர, கழுத்தில் கட்டலாகாது. மூன்றாவது, வழுக்காத ரப்பர் விரிப்பு. ஏனெனில் தகரத் தரையில் கால் ஊன்ற முடியாத நாய் வளைவுதோறும் சறுக்கி விழும்.

தென்பாண்டி நாட்டு நாய்களுக்கு இதிலும் கூடுதல் கவனம் தேவை. சிப்பிப்பாறையும் கன்னியும் ஒல்லியான உடலும் குட்டை மயிரும் கொண்டவை. கொழுப்புப் பொதி இல்லாத முழங்கை எலும்பு வெறுந்தரையில் உராய்ந்து புண்ணாகும், குறுகிய தலையிலிருந்து கழுத்துப்பட்டை எளிதில் உருவிக்கொள்ளும். வெயிலோ எல்லா நாய்க்கும் பகை. பாதத்தைத் தவிர வேறெங்கும் பெரிதாக வியர்க்காத நாய், இரைத்தே உடற்சூட்டைத் தணிக்கிறது. நிறுத்தி மூடிய வண்டிக்குள் வெப்பம் ஒரு மணி நேரத்தில் வெளியைவிட ஏறத்தாழ 20 பாகை உயர்ந்துவிடும்போது இரைப்பு பயன்தராது. பின்கட்டுக்குக் குளிர்காற்று எட்டாத பழைய வண்டிகளில் தடுப்பைப் பலகையால் அடைக்காமல் கம்பியாகவே விட வேண்டியதும் இதனால்தான்.

2016 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகன விதி, கால்நடை ஏற்றும் வண்டியில் மாட்டுக்கு 2 சதுர மீட்டர், ஆட்டுக்கு 0.3 சதுர மீட்டர் என அளவு குறித்து நிலையான தடுப்பறைகளைக் கட்டாயமாக்கியது. குதிரை, பன்றி, கோழி வரை நீளும் அப்பட்டியலில் நாய் இல்லை. ஆகவே சொந்த வண்டியின் பின்கட்டில் கம்பி எவ்வளவு இடைவெளியில் வர வேண்டும், கூண்டின் கதவு எப்பக்கம் திறக்க வேண்டும் என்பவற்றை உடையவரும் வெல்டிங் பட்டறைக்காரருமே முடிவு செய்கின்றனர். பின்கதவு மட்டுமே வழியாக அமைந்த கூண்டு, பின்னாலிருந்து லாரி மோதிக் கதவு நசுங்கினால் திறக்க இயலாத பெட்டியாகிவிடும். இருக்கைப் பக்கமாகவும் திறக்கும் இரண்டாவது கதவைப் பட்டறையில் கேட்டு வைத்துக்கொள்வது அவசியம்.