ரத்தக் காட்டேரிக்கு ஓநாய் காவலா? ‘ட்விலைட்’ முதல் ‘லோகா’ வரை... போடி மலையில் இருந்து ஒரு பார்வை!

ரத்தம் குடிக்கும் ஒருவன், அவனைக் காதலிக்கும் ஒரு பெண், இருவருக்கும் நடுவே ஓநாயாக உருமாறும் ஓர் இளைஞன். உலகம் முழுக்க இளைஞர்கள் விழுந்து விழுந்து படித்த கதை இது. இதையே போடிநாயக்கனூருக்கு மேலே, பனி இறங்கும் ஏலத்தோட்டத்தில் வைத்து எழுதினால் எப்படி இருக்கும்? இருட்டு, காடு, மாநில எல்லை, பழங்குடி ஊர்கள் என்று எல்லாமே அங்கே தயாராக இருக்கின்றன. ஆனால், எழுத உட்காரும் முன் ஒரு கேள்விக்குப் பதில் தேட வேண்டும். கதையில் வரும் ‘காவல் ஓநாய்’ யாருடைய நம்பிக்கை?

‘பாராநார்மல் ரொமான்ஸ்’ என்றால் என்ன?

பேய், ரத்தக் காட்டேரி, உருமாறும் மனிதர்கள் வருவார்கள். ஆனால் கதையின் மையம் பயம் அல்ல, காதல். இதுதான் அமானுஷ்யக் காதல் நாவல். ஆங்கிலத்தில் ரத்தக் காட்டேரியைப் பணக்காரக் கனவானாகக் காட்டிய முதல் கதைகளில் ஒன்று, 1819-ல் ஜான் பாலிடோரி எழுதிய ‘தி வாம்பயர்’. 1872-ல் ஷெரிடன் லெ ஃபானுவின் ‘கார்மில்லா’, 1897-ல் பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ என அந்த வரிசை நீண்டது.

ஓநாய் எப்போது காவலன் ஆனது?

‘டிராகுலா’வில் ஓநாய் காவலன் இல்லை, வேலைக்காரன். டிராகுலா ஏவினால் ஓநாய்கள் வரும், அவனே ஓநாயாகவும் மாறுவான். பிற்காலக் கதைகளிலும் படங்களிலும் இரண்டு இனமும் பரம எதிரிகள் ஆயின.

2005-ல் வெளிவந்த ஸ்டெஃபனி மேயரின் ‘ட்விலைட்’ இதில் ஒரு திருப்பத்தைக் கொண்டுவந்தது. நான்கு நாவல்கள், ஐந்து படங்கள், 10 கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்பனை. அதில் ஓநாயாக மாறும் இளைஞர்கள் மனிதர்களை ரத்தக் காட்டேரிகளிடம் இருந்து காப்பவர்கள். ‘எங்க எல்லைக்குள்ள வராதே, மனுஷங்களைக் கடிக்காதே’ என்று இரு தரப்புக்கும் ஓர் ஒப்பந்தம் இருக்கும். கடைசி நாவலான ‘பிரேக்கிங் டான்’ கதையில், பாதி ரத்தக் காட்டேரியாகப் பிறக்கும் குழந்தைக்கு அதே ஓநாய்க் கூட்டம் காவலாக நிற்கும். எதிரி பாதுகாவலன் ஆகும் இந்த இடம்தான் வாசகர்களைக் கட்டிப்போட்டது.

அந்த ஓநாய்கள் யார்?

விஷயமே இங்கேதான் இருக்கிறது. நாவலில் ஓநாயாக மாறுபவர்கள் குவிலியூட் இனத்தவர். இது கற்பனைப் பெயர் இல்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பசிபிக் கடலோர லா புஷ் கிராமத்தில் இன்றும் வாழும் பழங்குடி மக்கள் அவர்கள். தங்கள் முன்னோர் ஓநாய்களில் இருந்து மனிதர்களாக மாற்றப்பட்டவர்கள் என்பது அவர்களின் தொன்மக் கதை. அதில் ரத்தக் காட்டேரியும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. அதெல்லாம் நாவலாசிரியர் சேர்த்தது.

படம் ஓடியது, பொம்மையும் டி-ஷர்ட்டும் விற்றன. அந்த மக்களிடம் முன்கூட்டிக் கேட்கவில்லை, லாபத்தில் அவர்களுக்குப் பங்கும் இல்லை என்ற விமர்சனம் எழுந்தது. அதே நேரத்தில் நிஜ லா புஷ் மக்களின் கவலை வேறாக இருந்தது. அப்போது சுமார் ஒரு சதுர மைல் பரப்பே இருந்த அவர்களின் ஊர், சுனாமி அபாயப் பகுதியில் இருந்தது. மேட்டு நிலத்துக்கு மாற, ஒலிம்பிக் தேசியப் பூங்காவில் இருந்து 785 ஏக்கர் நிலம் தரும் சட்டம் 2012-ல்தான் கையெழுத்தானது. கதையில் ஊரையே காப்பவர்கள், நிஜத்தில் தங்கள் பள்ளிக்கூடத்தைக் கடலிடம் இருந்து காக்கப் போராடினார்கள்.

நம்மூரில் இப்படிக் கதைகள் இல்லையா?

தாராளமாக உண்டு. திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூர் நீலி கதையை எடுத்துக்கொள்ளலாம். கணவனால் கொல்லப்பட்ட பெண், மறுபிறவியிலும் அவனைத் தேடி வருகிறாள். மனைவி வேடத்தில், கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, ‘இவர் என் புருஷன்’ என்று ஊரார் முன் வழக்காடுகிறாள். ‘உன் உயிருக்கு நாங்க பொறுப்பு’ என்று 70 வேளாளர்கள் அவனுக்கு வாக்குக் கொடுக்கிறார்கள். அவன் கொல்லப்பட்டதும், சொன்ன வாக்குக்காக 70 பேரும் தீயில் இறங்குகிறார்கள். பேய், பொய்க் காதல், காவல் மூன்றும் இதில் இருக்கின்றன. ஆனால் இங்கே காவலுக்கு வருவது ஓநாய் இல்லை, கொடுத்த வாக்கு.

இன்னொரு பெரிய வித்தியாசமும் உண்டு. ரத்தம் குடிப்பதாக ஊர் பயப்படும் காட்டேரியே, பல இடங்களில் ‘காட்டேரி அம்மன்’ என்று காவல் தெய்வமாக வணங்கப்படுகிறாள். தமிழர்கள் கூலிகளாகக் கப்பலேறிய கயானாவிலும் அவள் வழிபாடு தொடர்கிறது. மேற்கில் ரத்தக் காட்டேரிக்குத் தனியாக ஒரு காவலன் தேவைப்பட்டான். நம்மூரில் படையல் போட்டால் அவளே காவல்!

இப்போது வரும் படங்கள் என்ன செய்கின்றன?

2022-ல் வந்த ‘பேடியா’ இந்திப் படத்தில், அருணாச்சலப் பிரதேசக் காட்டை அழித்துச் சாலை போட வருபவன் ஓநாய் மனிதன் ஆகிறான். அங்கே ஓநாய், காட்டின் காவல். 2025-ல் வந்த ‘லோகா’ மலையாளப் படம், கள்ளியங்காட்டு நீலியை ரத்தம் தேவைப்படும் நாயகியாக்கியது. அவளைப் பழங்குடிச் சிறுமியாகக் காட்டி, அதிகாரத்தில் இருப்பவர்கள் செய்த கொடுமையில் இருந்து கதையைத் தொடங்கியது. கேரள நம்பிக்கையில் உருமாறும் ஆற்றல் கொண்ட ஒடியனும் அதே உலகில் வருகிறான். கள்ளியங்காடு இருப்பதோ இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நாகர்கோவில் பக்கம்.

போடி மலையில் ஓநாயும் காட்டேரியும் உண்டா?

ஓநாய் கிடையாது. இந்திய ஓநாய் வறண்ட புல்வெளியிலும் புதர்க்காட்டிலும் வாழ்வது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளில் கூட்டமாக வேட்டையாடுவது செந்நாய். ரத்தம் குடிக்கும் வௌவாலும் இந்தியாவில் இல்லை. அதன் மூன்று இனங்களும் அமெரிக்கக் கண்டத்தில் மட்டுமே உள்ளன.

நிஜமாகவே ரத்தம் குடிப்பது அட்டைதான். மழைக்காலத்தில் ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களைக் கேட்டால் தெரியும். அட்டையின் எச்சிலில் ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் இருப்பதால், அது விழுந்த பிறகும் கடிவாய் கசிந்துகொண்டே இருக்கும். விடிவதற்குள் ஜீப்பில் ஏறி, 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறை பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் அவர்கள். இவர்கள் பறிக்கும் காய்தான் போடியிலும் புத்தடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையங்களுக்கு வருகிறது.

அந்த மலைக்கு உண்மையான காவல் யார்?

குரங்கணி மலையில் முதுவர்கள், போடி அடிவாரத்தில் பளியர்கள், இடுக்கிப் பக்கம் மன்னான் மக்கள் வாழ்கிறார்கள். முதுவர்கள் தங்கள் முன்னோர் மதுரையில் இருந்து மலையேறியவர்கள் என்று சொல்வார்கள். மன்னான் மக்களுக்குக் கோவில்மலையில் இன்றும் ஒரு ராஜா உண்டு. காட்டுப் பாதையும் நெருப்பின் போக்கும் தெரிந்தவர்கள் இவர்கள்.

2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேற்றத்துக்கு வந்தவர்கள் சிக்கினார்கள், 23 பேர் உயிரிழந்தார்கள். ஹெலிகாப்டர் வரும் முன்பே மலைக்கு ஓடியவர்கள் உள்ளூர்க்காரர்கள்தான். காயம்பட்டவர்களைப் போர்வையில் டோலி கட்டித் தூக்கிவந்தார்கள். சாலை இல்லாத தேனி மாவட்ட மலைக்கிராமங்களில், இதே மக்கள் தங்கள் வீட்டு நோயாளிகளையும் டோலியில்தான் இறக்கிவர வேண்டியிருக்கிறது.

அப்படியென்றால் இந்தக் கதைகளை எழுதக் கூடாதா?

தாராளமாக எழுதலாம், ரசித்துப் படிக்கலாம். காட்டேரியும் நீலியும் இத்தனை நூற்றாண்டுகள் பிழைத்திருப்பதே, ஆளுக்கு ஆள் கதையை மாற்றிச் சொன்னதால்தான். ஆனால், உயிரோடு இருக்கும் ஒரு மக்களின் பெயரையும் தெய்வத்தையும் எடுக்கும்போது, முதலில் அவர்களிடம் கேட்பதுதான் முறை. லா புஷ் மக்களின் அனுபவம் சொல்வது இதைத்தான். போடி மலையில் ஒரு ‘காவல் ஓநாய்’ கதை எழுத நினைப்பவர்கள், அங்கே ஏற்கெனவே காவல் இருப்பவர்களிடம் இருந்து தொடங்கலாம்.