பின்பனிக்காலத்து மூன்று கடிதங்கள்



திருச்சபைச் சீர்திருத்தத்தின் வரலாற்றை நாம் பெரும்பாலும் பெரிய நாள்களாகவே நினைவில் வைத்திருக்கிறோம். 1517இல் 95 கருத்துரைகள், 1521இல் வோர்ம்ஸ் நகரில் பேரரசருக்கு முன்பாக விசாரணை, 1530இல் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை என்று ஞாயிறு பள்ளிக் காலத்திலிருந்தே படித்து வந்திருக்கிறோம். அந்நாள்களுக்கு இடையில் ஒரு வீடு இருந்தது. அவ்வீட்டில் பிள்ளைகள் பிறந்தனர், முதியோர் நோயுற்றனர், உறவினரின் அநாதைப் பிள்ளைகள் வளர்ந்தனர். மார்ட்டின் லூத்தர் அவ்வீட்டின் தலைவர். அதை நடத்தியவர் அவருடைய மனைவி கத்தரீனா.

மாசி, பங்குனி மாதங்களை நம் முன்னோர் பின்பனிக்காலம் என்றனர். நமக்கு அது இதமான பருவம். ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியிலோ பிப்ரவரி கடுமையான மாதம். குளிர் விட்டபாடில்லை, இலையுதிர்காலத்தில் சேர்த்துவைத்த தானியமும் உப்பிட்ட இறைச்சியும் குறைந்துகொண்டே வரும், சாலைகள் பனியும் சேறுமாய்க் கிடக்கும். முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அது சோதனைக் காலம். அத்தகைய மூன்று பின்பனிக்காலங்களில் லூத்தர் தம் குடும்பத்தாருக்கு எழுதிய கடிதங்களை இவ்வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

முதலாவது கடிதம் 1530 பிப்ரவரி 15 அன்று எழுதப்பட்டது. மான்ஸ்ஃபெல்டு ஊரில் வாழ்ந்த தந்தை ஹான்ஸ் லூத்தர் கடும் நோயுற்றிருப்பதாகத் தம்பி யாக்கோபு செய்தி அனுப்பியிருந்தார். மகன் உடனே புறப்பட்டுச் செல்ல விரும்பினார். எனினும், வோர்ம்ஸ் தீர்ப்பினால் அவர் சட்டத்தின் பாதுகாப்பை இழந்தவர். வழியில் எவரும் அவரைப் பிடிக்கலாம், கொல்லலாம். 1525ஆம் ஆண்டின் விவசாயிகள் போருக்குப் பின்பு பிரபுக்களிலும் குடியானவர்களிலும் அவர்மேல் பகைகொண்டோர் பலர் இருந்தனர். நண்பர்கள் பயணத்தைத் தடுத்தனர்.

இங்கே சற்று நின்று கவனியுங்கள். அதற்கு முந்தைய ஆண்டாகிய 1529இல்தான் லூத்தர் சிறிய ஞானோபதேசத்தை வெளியிட்டிருந்தார். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு அதனைத் தமிழாக்கியதால், நம் நாட்டிலும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்தனர். பெற்றோரைக் கனம்பண்ணும் கற்பனைக்கு அந்நூலில் விளக்கம் வெளியிட்ட அடுத்த ஆண்டிலேயே, அவ்விளக்கத்தை எழுதியவரே தம் தந்தையின் படுக்கையருகே செல்ல முடியாதவரானார்.

செல்ல முடியாதவர் என்ன செய்தார்? தம் சகோதரியின் மகனாகிய சிரியாக் கவுஃப்மன் என்ற இளைஞரை மான்ஸ்ஃபெல்டுக்கு அனுப்பினார். தந்தையின் உடல் பயணத்தைத் தாங்குமா என்று நேரில் பார்த்து வரும்படி அவரைப் பணித்தார். தாங்குமானால் தந்தையும் தாயும் விட்டன்பர்க் வந்து தம்மோடு வாழ வேண்டும் என்று கடிதத்தில் வேண்டிக்கொண்டார். கத்தரீனாவும் கண்ணீரோடு அதையே விரும்புவதாக எழுதினார். வர இயலாவிட்டாலும் தந்தை மனந்தளராதிருக்கும்படி, கிறிஸ்துவில் அவருக்கு உள்ள நம்பிக்கையை நினைவூட்டினார். இறுதியில் தம் வீட்டார் ஒவ்வொருவரின் வாழ்த்தையும் பெயர் சொல்லிச் சேர்த்தார்.

அவ்வாண்டு மே 29 அன்று தந்தை காலமானார். கோபர்க் கோட்டையில் தங்கியிருந்த லூத்தருக்கு ஜூன் 5 அன்று செய்தி எட்டியது. அவர் சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தம் அறைக்குள் சென்று அழுதார் என்று உடனிருந்த உதவியாளர் கத்தரீனாவுக்கு எழுதி அறிவித்தார். அடுத்த ஆண்டு தாயார் நோயுற்றபோதும் லூத்தரால் செல்ல இயலவில்லை, கடிதமே சென்றது. பாட்டி நோயாய் இருக்கிறார் என்று பேரப்பிள்ளைகள் வீட்டில் பேசிக்கொள்வதையும் அக்கடிதத்தில் எழுதத் தவறவில்லை.

1530ஆம் ஆண்டுக் கடிதத்தில் வாழ்த்துச் சொன்னவர்களின் பெயர்களுள் லேனா அத்தை என்று ஒரு பெயர் உண்டு. அவர் கத்தரீனாவின் தந்தையோடு பிறந்தவர். முன்பு நிம்ப்ஷன் கன்னியர் மடத்தில் நோயாளிகளைக் கவனிக்கும் பொறுப்பில் இருந்தவர். மடத்தை விட்டு வந்தபின் லூத்தரின் வீட்டில் பிள்ளைகளின் வளர்ப்பிலும் நோயுற்றோரின் பணிவிடையிலும் தம் நாள்களைச் செலவிட்டார். வரலாற்று நூல்களில் அவருக்குக் கிடைப்பது ஓரிரு வரிகளே. லூத்தர் இரவில் எழுதவும் பகலில் போதிக்கவும் முடிந்ததற்குப் பின்னால் கத்தரீனாவின் உழைப்போடு இந்த அத்தையின் கைகளும் இருந்தன. அவ்வீடு ஒரு பழைய துறவியர் மடம். லூத்தருடைய மறைந்த சகோதரிகளின் பிள்ளைகளும், மாணவர்களும், விருந்தினரும் அங்கே தங்கினர். அத்தனை பேருக்கும் உணவளிக்கக் கத்தரீனா தோட்டம் வைத்தார், மாடும் பன்றியும் வளர்த்தார், மீன்குளத்தைப் பராமரித்தார்.

இரண்டாவது கடிதம் 1537 பிப்ரவரி 27 அன்று தாம்பாக் என்ற சிற்றூரிலிருந்து எழுதப்பட்டது. ஷ்மால்கால்டன் நகரில் நடந்த கூட்டத்துக்குச் சென்றிருந்த லூத்தருக்குக் கல்லடைப்பு நோய் கண்டு, நாள்கணக்கில் சிறுநீர் பிரியவில்லை. மருத்துவர்கள் கைவிட்ட நிலையில், வீட்டிலேயே மரிக்க விரும்பி வண்டியில் புறப்பட்டார். கரடுமுரடான பாதையில் வண்டி குலுங்கியதில், அன்றிரவே அடைப்பு விலகியது. உடனே மனைவிக்கு எழுதினார். தாம் மரண வாசல்வரை சென்றதையும், மனைவியையும் பிள்ளைகளையும் தேவனிடத்தில் ஒப்புவித்ததையும் மறைக்காமல் தெரிவித்தார். கத்தரீனாவின் கைவைத்தியம் தமக்குப் பலிக்கவில்லை என்பதையும் குறிப்பிட்டார். தூரத்தில் இருப்பவரிடம் துன்பத்தை மறைத்து, எல்லாம் நலம் என்று எழுதுவதும் அன்புதான் என்று நாம் நினைக்கிறோம். அவர் உண்மையைச் சொன்னார். அந்த உண்மையோடு ஆறுதலையும் சேர்த்து அனுப்பினார்.

மூன்றாவது, 1546ஆம் ஆண்டு. மான்ஸ்ஃபெல்டு பிரபுக்களாகிய உடன்பிறந்தோருக்குள் நெடுநாளாக வழக்கு நடந்துகொண்டிருந்தது. அவர்களை ஒப்புரவாக்கும்படி, 62 வயதான லூத்தர் கடுங்குளிரில் மூன்று மகன்களோடு ஐஸ்லெபன் நகருக்குப் புறப்பட்டார். வழியில் ஹாலே நகரில் சாலே ஆறு பனிக்கட்டிகளோடு பெருக்கெடுத்ததால் தாமதிக்க நேர்ந்தது. வீட்டிலிருந்த கத்தரீனா உறக்கமின்றிக் கவலைப்பட்டார். லூத்தர் கடிதத்துக்குமேல் கடிதம் எழுதி அவரைக் கேலி செய்தார், தேற்றினார். தம்மைக் காக்க மனைவியைவிட மேலான ஒருவர் உண்டென்று நினைவூட்டினார். பிப்ரவரி 14 அன்று, தமக்குப் பரிசாக வந்த மீன்களை வீட்டுக்கு அனுப்பி, அந்த வாரமே திரும்பிவிட நம்புவதாக எழுதினார். பிப்ரவரி 18 அதிகாலையில், தாம் பிறந்த அதே நகரில் உயிர்நீத்தார். மகன்கள் மார்ட்டினும் பவுலும் அருகில் இருந்தனர், கத்தரீனா இல்லை. பதினாறு ஆண்டுகளுக்கு முன் தந்தையின் படுக்கையருகே செல்ல முடியாத வேதனை லூத்தருக்கு; இப்போது அது கத்தரீனாவுக்கு.

ஏப்ரல் 2 அன்று கத்தரீனா தம் சகோதரனின் மனைவிக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. உண்ணவும் உறங்கவும் முடியாத தம் துக்கத்தை அதில் சொல்கிறார். அதே கடிதத்தில், அந்த அம்மையாரின் மகனுடைய படிப்புக்குத் தம்மால் இயன்றதைச் செய்வதாகவும் வாக்களிக்கிறார். கணவரை அடக்கம்பண்ணி ஆறு வாரங்கள்கூட ஆகவில்லை.

பிரியமானவர்களே, நம் சபைக் குடும்பங்களிலும் பெற்றோர் ஊரில், பிள்ளைகள் சென்னையில், வளைகுடாவில், அமெரிக்காவில் என்ற நிலை உண்டு. விடுப்புக் கிடைக்காமல், பயணச்சீட்டுக்கு வழியில்லாமல், அழைப்பு வந்த இரவில் தொலைபேசியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருப்பவர்கள் உங்களுக்குள் இருக்கிறார்கள். சொந்த வீட்டாரைக் கவனியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்ற 1 தீமோத்தேயு 5:8ஐ வாசிக்கும்போது, செய்ய மனமில்லாதவருக்குச் சொல்லப்பட்ட அக்கண்டிப்பை இவர்கள் தங்கள்மேல் சுமத்திக்கொள்கிறார்கள். அதே அதிகாரத்தின் 4ஆம் வசனம், பெற்றோர் செய்த நன்மைகளுக்குப் பதில் நன்மை செய்யக் கற்றுக்கொள்ளும்படி சொல்கிறது. கற்றுக்கொள்வது என்றால், இருக்கும் இடத்திலிருந்து இயன்றதைத் தொடங்குவது. ஒருவரை அனுப்பிப் பார்த்து வரச் செய்யலாம். பெற்றோருக்காக நம் வீட்டில் ஓர் அறையை ஆயத்தப்படுத்தலாம். பேரப்பிள்ளைகளின் குரலைக் கேட்கச் செய்யலாம். சிலுவையில் தொங்கிய நம் ஆண்டவர், தாயைத் தம் கைகளால் தாங்க முடியாத அந்த நேரத்திலும், அன்பான சீஷனிடத்தில் ஒப்புவித்தார் என்று யோவான் 19ஆம் அதிகாரத்தில் காண்கிறோம்.

அருகில் இருந்து பணிவிடை செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. படுக்கையை மாற்றி, கஞ்சி ஊட்டி, இரவில் மூன்று முறை எழுந்திருக்கும் மருமகளே, மணமாகாத சகோதரியே, முதிய அத்தையே, உங்கள் பெயர் எந்தச் சபை அறிக்கையிலும் வருவதில்லை. ஆண்டவர் உங்களை அறிந்திருக்கிறார். தூரத்தில் இருக்கும் உடன்பிறந்தோரே, பணம் அனுப்பும்போது அவர்களுக்கு நன்றியும் அனுப்புங்கள். ஆலோசனை சொல்லுமுன், அவர்கள் உறங்கினார்களா என்று கேளுங்கள்.

இந்த வாரம் ஒரு கடிதம் எழுதுங்கள். இயலாவிட்டால் அழைத்துப் பேசுங்கள். நோயுற்றவரிடம் பேசுங்கள், அவரைக் கவனிப்பவரிடமும் பேசுங்கள். நம்மால் எட்டமுடியாத இடங்களில் நமக்குரியவர்களைத் தாங்குகிற தேவன், உங்கள் வீடுகளையும் அவர்கள் வீடுகளையும் காப்பாராக. ஆமென்.