வண்டி என்னும் சொல்லின் வழக்கு வரலாறு

மதிலும் அகழியும் கொண்டு நகரைக் காத்த காலம் ஒன்று இருந்தது. இன்றைய நகரங்களோ அச்சிட்ட ஏட்டிலுள்ள சில சொற்களைக் கொண்டே தம் வீதிகளைக் காத்து வருகின்றன. வண்டி, நடைபாதை, பாதசாரி என்பன அச்சொற்களுட் சில. சிறு பிள்ளைகளும் நாள்தோறும் வழங்கும் இவற்றிற்குப் பொருள் யாது என ஒருவர் வினவினால், கேட்போர் நகைக்கவே செய்வர். ஆயினும் இவ்வெளிய சொற்களின் பொருளைத் தெளிவதற்காக இங்கிலாந்து நாட்டின் மேல் நீதிமன்றம் நூற்றாண்டுக்கும் மேலாக ஆராய்ச்சி செய்ய நேர்ந்தது. அந்த ஆராய்ச்சியின் முடிவைப் பொறுத்தே ஒருவர் சிறை சென்றார். ஒருவர் சுங்கம் செலுத்தாது தப்பினார்.

பலபொருள் ஒருசொல்லுக்குப் பொருள் காணும் நெறியைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்திலே வகுத்துள்ளார். வினை, இனம், சார்பு என்னும் மூன்றினாலும் அச்சொல்லின் பொருள் தெளியப்படும் என்பது அவர் கருத்து. மா காய்த்தது எனின், காய்த்தல் என்னும் வினையால் அது மரம் என்று தெளிகின்றோம். மாவும் பலாவும் நின்றன எனின், உடன் நின்ற இனத்தால் அதுவே பொருளாகின்றது. போருக்குப் புறப்பட்ட வீரன் மாவைக் கொண்டு வருக என்பானாயின், இடத்தின் சார்பினால் குதிரை எனக் கொள்கின்றோம். ஆங்கில நீதிபதிகள் தொல்காப்பியம் கற்றவர் அல்லர். எனினும் அவர்கள் சென்ற வழி பெரிதும் இதுவே என்பதை மேல்வரும் வழக்குகள் காட்டும்.

1835 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பெருந்தெருச் சட்டம் ஒன்று நிறைவேறியது. குதிரையையோ பிற விலங்கையோ, எவ்வகை வண்டியையோ, வழிச்செல்வோரின் உயிருக்கும் உறுப்புக்கும் ஆபத்து நேருமாறு வெறிவேகத்திற் செலுத்துதல் குற்றம் என அது விதித்தது. வீதியோரத்து நடைபாதையில் விலங்குகளையும் வண்டிகளையும் செலுத்துதலையும் அச்சட்டம் தடுத்தது. அதில் வண்டியைக் குறித்து நின்ற ஆங்கிலச் சொல் 'கேரிஜ்' என்பதாகும். அக்காலத்தில் அச்சொல்லைக் கேட்டவர் மனத்தில் தோன்றியது குதிரை பூட்டிய வண்டியே. காலால் மிதித்துச் செலுத்தும் துவிச்சக்கர வண்டி அன்று வழக்கில் இல்லை.

அது வழக்கில் வந்த பின்னர், அதனை வெறிவேகத்திற் செலுத்திய ஒருவர் இச்சட்டத்தின் கீழ்த் தண்டிக்கப்பட்டார். தாம் ஏறிச் சென்றது வண்டியன்று என்பது அவர் தரப்பு வாதம். 1879 ஆம் ஆண்டில் மேல் நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்தது. எவ்வகை வண்டியும் என்னும் தொடர் மிக விரிந்தது. சட்டம் இயற்றியோர் இப்பொறியைக் கண்டிராவிடினும், வழிச்செல்வோரைக் காப்பதே அவர்தம் நோக்கம். ஆதலால் துவிச்சக்கர வண்டியும் வண்டியே என்பது முடிவு. வெறிவேகத்திற் செலுத்துதல் என்னும் வினையே இங்குப் பொருளைத் தெளிவித்தது எனலாம்.

அடுத்த ஆண்டு, 1880 இல், அதே பொறி மீண்டும் மன்றேறியது. இம்முறை வினா சுங்கத்தைப் பற்றியது. சுங்கச் சாவடியொன்றின் சட்டத்திலே, விலங்குகளால் இழுக்கப்படாது நீராவியாலோ வேறு ஆற்றலாலோ இயங்கும் எவ்வகை வண்டிக்கும் சுங்கம் உண்டு என எழுதப்பட்டிருந்தது. முன்னைய தீர்ப்பின்படி துவிச்சக்கர வண்டி வண்டியாயின், அதனைச் செலுத்துவோர் சுங்கம் இறுக்க வேண்டும் அல்லவா? நீதிமன்றம் அவ்வாறு கூறவில்லை. அச்சட்டத்தில் உடன் எண்ணப்பட்டவை யாவும் பெரிய ஊர்திகள். அவற்றோடு ஓரினமான வண்டிகளையே அத்தொடர் சுட்டும். துவிச்சக்கர வண்டி அவ்வினத்தது அன்று என்று தீர்ப்பளித்தது. ஓராண்டு இடைவெளியில் ஒரே பொருள் வண்டியாகவும் வண்டியல்லாததாகவும் ஆயிற்று. இது முரண்போலத் தோன்றினும் முரணன்று. உயிரைக் காக்கும் சட்டத்தில் சொல் விரிந்தது. பணம் வாங்கும் சட்டத்தில் அது சுருங்கியது.

பொறியின் அளவை நோக்காது பெயரையே பற்றி நின்ற தீர்ப்பும் உண்டு. 1865 ஆம் ஆண்டின் சட்டப்படி, வீதியிலே இயங்கும் நீராவிப் பொறி நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைலுக்கும் நகரில் 2 மைலுக்கும் மேல் செல்லுதல் ஆகாது. மூவர் அதனோடு செல்லவேண்டும். அவருள் ஒருவர் 60 யார் தூரம் முன்னே செங்கொடி ஏந்தி நடக்கவேண்டும். 1878 இல் செங்கொடி நீங்கியது. முன்னே ஒருவர் நடத்தல் நீங்கவில்லை. 1881 இல், காலாலும் நீராவியாலும் இயங்கத்தக்க முச்சக்கர வண்டியொன்று இச்சட்டத்துக்கு உட்பட்டதோ என்னும் வினா எழுந்தது. பாரம் இழுக்கும் பெரும் பொறிகளை எண்ணியே சட்டம் எழுதப்பட்டது என்பது வெளிப்படை. ஆயினும் நீராவியால் இயங்குவது எதுவோ அது வீதிப்பொறியே என மேல் நீதிமன்றம் துணிந்தது. ஒருவர் அமர்ந்து செல்லும் சிறு வண்டிக்கு முன்னே ஆள் நடத்துதல் எங்ஙனம் இயலும்? இலகுவான ஊர்திகளுக்கு இத்தளை நீங்குவதற்கு 1896 ஆம் ஆண்டின் புதிய சட்டம் வரவேண்டியிருந்தது.

துவிச்சக்கர வண்டியைப் பற்றிய ஐயத்தைப் பாராளுமன்றமே 1888 இல் தீர்க்க முனைந்தது. அவ்வாண்டின் உள்ளூராட்சிச் சட்டம், துவிச்சக்கர வண்டியும் முச்சக்கர வண்டியும் அவைபோன்ற பிறவும் பெருந்தெருச் சட்டங்களின் பொருளில் வண்டிகளே என வெளிப்படையாக அறிவித்தது. எனினும் அவ்வறிவிப்புப் பெருந்தெருச் சட்டங்களுக்கு மட்டுமே உரியது. பிற சட்டங்களில் அச்சொல்லின் பொருள் ஐயத்துக்கு இடமாகவே நின்றது. அதன் விளைவு 1950 இல் வெளிப்பட்டது.

அவ்வாண்டு டெவன் மாகாணத்துக் கடற்கரை நகராகிய இல்ஃபிரகூம்பிலே, மதுவருந்திய ஒருவர் தம் துவிச்சக்கர வண்டியைத் தெருவில் தள்ளிக்கொண்டு சென்றார். அவர் அதன்மேல் ஏறினார் அல்லர். 1872 ஆம் ஆண்டின் மதுவிற்பனை அனுமதிச் சட்டம், பொதுவிடத்தில் வண்டி, குதிரை, கால்நடை, நீராவிப் பொறி ஆகியவற்றைப் பொறுப்பில் வைத்துக்கொண்டு வெறித்திருப்பவருக்கு ஒரு மாதம் வரை சிறை விதித்தது. அவருக்குக் கிடைத்த தண்டனையும் ஒரு மாதச் சிறையே. மேன்முறையீட்டிலே பிரதம நீதியரசர் கொடார்ட் பிரபு, மனிதரைச் சுமந்து செல்வதனால் துவிச்சக்கர வண்டியும் வண்டியே என்றும், வெறித்தவரால் வீதியில் பொதுமக்களுக்குத் தீங்கு நேராது காப்பதே சட்டத்தின் நோக்கம் என்றும் கூறித் தண்டனையை உறுதி செய்தார். சார்பு நோக்கிப் பொருள் கொண்ட தீர்ப்பு இது.

இத்தீர்ப்புச் சிந்தனைக்குரியது. ஐயமுள்ள தண்டனைச் சொல்லைக் குற்றஞ் சாட்டப்பட்டவருக்குச் சார்பாகக் கொள்ளவேண்டும் என்பது ஆங்கிலச் சட்டத்தின் பழைய நெறிகளுள் ஒன்று. வெறித்த நிலையில் ஏறிச் செலுத்தாது தள்ளிச் சென்றமையை அவருடைய விவேகம் எனவும் கொள்ளலாம். சுங்கம் கேட்டபோது சுருங்கிய சொல், சிறைவாயிலில் விரிந்து நின்றது.

முப்பது ஆண்டுகள் கழிந்தன. பாதசாரிகளுக்கெனக் கறுப்பு வெள்ளைக் கோடிட்ட கடவைகள் 1951 முதல் பிரித்தானிய வீதிகளில் அமைக்கப்பட்டிருந்தன. அத்தகைய கடவையொன்றிலே பெண்ணொருவர் துவிச்சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தபோது மோட்டார் வண்டி மோதியது. அவர் வண்டியொன்றைக் கொண்டு சென்றமையால் பாதசாரி அல்லர். ஆகவே அவருக்கு வழிவிடும் கடமை சாரதிக்கு இல்லை என்பது எதிர்வாதம். கீழ் நீதிமன்றம் அதனை ஏற்றுக்கொண்டது. 1980 இல் மேல் நீதிமன்றம் அதனை மறுத்து, இரு கால்களாலும் நடந்து செல்பவர் பாதசாரியே. கையில் துவிச்சக்கர வண்டி இருத்தலால் அத்தன்மை நீங்காது என்றது. ஒரு காலை மிதியில் ஊன்றி மற்றைக் காலால் நிலத்தை உந்திச் சென்றிருப்பின் முடிவு வேறாகும் என்றும் அது குறிப்பிட்டது. இல்ஃபிரகூம்பில் தள்ளிச் சென்றவர் வண்டிக்குப் பொறுப்பாளர். கடவையில் தள்ளிச் சென்றவர் பாதசாரி. செயல் ஒன்றே; சட்டம் வினவிய வினா வேறு.

1835 ஆம் ஆண்டின் அச்சட்டம் இன்னும் முற்றாக நீங்கவில்லை. தானே சமநிலை காத்து மின்னாற்றலால் ஓடும் செக்வே என்னும் இருசக்கரப் பொறியை நடைபாதையிற் செலுத்திய ஒருவர் அதே சட்டத்தின் கீழ்த் தண்டிக்கப்பட்டார். 2011 இல் மேல் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. குதிரை வண்டிக்காக எழுதிய சொல், 176 ஆண்டுகளின் பின் மின்பொறியையும் தன்னுள் அடக்கிக்கொண்டது.

இந்நூற்றாண்டுச் சட்டங்களும் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதிச் சட்டங்களும் சொற்பொருள் விளக்கத்துக்கெனத் தனிப்பிரிவு கொண்டிருப்பதற்கு இவ்வனுபவமும் ஒரு காரணம் எனலாம். இலங்கையின் 1951 ஆம் ஆண்டு 14 ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்திலும் அத்தகைய பிரிவு உண்டு. ஆயினும் எத்துணை நுணுகி வரையறுப்பினும், நாளை தோன்றும் பொறியை இன்றைய வரையறை முற்றும் அறிந்திருத்தல் இயலாது. அந்நிலையில் சொல்லின் எல்லையை நீதிபதி வகுப்பார். வீதியில் இறங்கும் எளியவரோ, அவ்வெல்லை எங்கே உள்ளது என்பதைத் தீர்ப்புக்கு முன்னரே அறிய விழைகின்றார். அவ்விருப்பம் நியாயமானது. சட்டத்தைத் தெளிந்த மொழியில் எழுதுதல் புலமைக்கு அழகு மாத்திரம் அன்று. குடிமக்களுக்கு அரசு செலுத்தவேண்டிய கடனும் ஆகும்.